விசுவாச துரோகமா, மதத்துறப்பா: எந்தச் சொல்லை எங்கே போடுவது?

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றி மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களுக்கும், கொழும்புப் பத்திரிகைகளில் வெளிநாட்டுச் செய்தி எழுதுபவர்களுக்கும், சபைகளுக்குப் புத்தகம் மொழிபெயர்த்துக் கொடுப்பவர்களுக்கும் பொதுவான தலையிடி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'அபொஸ்டசி' என்று வருகிற சொல். ஒருவர் தான் இருந்த சமயத்தை விட்டுவிடுவதைக் குறிப்பது. தமிழில் அதற்குச் சொல் இல்லாததல்ல சிக்கல், அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான். விசுவாச துரோகம், மறுதலிப்பு, மதத்துறப்பு, மதமாற்றம், முஸ்லிம்களிடம் முர்தத், பெந்தெகொஸ்தே சபைகளில் பின்மாற்றம். அகராதி இவற்றில் பலவற்றை ஒரே வரியில் அடுக்கிவிடும். அவசரத்தில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால், எழுதியவர் தன்னை அறியாமலே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்.

ஒரு செய்தியை வைத்தே பார்க்கலாம். 2014 மே மாதம் சூடானின் கார்ட்டூம் நகர நீதிமன்றமொன்று கர்ப்பிணிப் பெண்ணொருவருக்கு இந்தக் குற்றத்தின் பேரில் மரணதண்டனை விதித்தது. 'விசுவாச துரோகத்துக்கு மரணதண்டனை' என்று தலைப்பிட்டால், அவர் துரோகி என்பதைப் பத்திரிகையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். 'மதமாற்றத்துக்கு' என்றால், அவர் பிறரை மதம் மாற்றியவர் என்று பாதி வாசகர்கள் நினைப்பார்கள். 'மதத்தைத் துறந்ததற்கு' என்பது நடுநிலையாகத் தெரிகிறது, அதுவும் பிசகு. தந்தை முஸ்லிம் என்பதால் நீதிமன்றம் அவரை முஸ்லிமாகக் கொண்டது. தாய் வளர்த்தபடி தான் என்றைக்கும் கிறிஸ்தவரே என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின்படி துறப்பதற்கு அவரிடம் அந்த மதம் இருக்கவேயில்லை. பொருந்தும் தலைப்பு: 'மதத்தைத் துறந்ததாகக் குற்றஞ்சாட்டி மரணதண்டனை'. 'துறந்ததற்கு' என்பதை 'துறந்ததாக' என்று மாற்றியதில் நீதிமன்றத்தின் கூற்று நீதிமன்றத்தோடேயே நின்றுவிடுகிறது. அடுத்த மாதமே மேன்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தக் குற்றத்தையே 2020-இல் சூடான் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

கிரேக்க வேரில் துரோகம் உண்டா?

மூலச் சொல் கிரேக்கத்து 'அபொஸ்தாசியா'. 'அபோ' என்றால் விட்டு, அப்பால். மற்றப் பாதி நிற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. சேர்த்தால் 'விலகி நிற்றல்'. தொடக்கத்தில் இது கோயில் சொல்லே அல்ல, அரசியல் சொல். கி.மு. 428-இல் மிதிலீனி நகரம் ஏதென்சின் கூட்டணியை உதறி எழுந்ததே, அந்த மாதிரிக் காரியத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் இந்தக் குடும்பத்துச் சொல்தான். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதையே கடவுளுக்கு எதிரான கலகத்துக்கு எடுத்தாண்டார்கள். அரசனை விட்டு விலகியது கடவுளை விட்டு விலகியதாயிற்று.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடத்தில் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் இரண்டையும் இரண்டு விதமாகப் பெயர்த்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2 தெசலோனிக்கேயர் 2:3-இல் 'விசுவாச துரோகம்'. அப்போஸ்தலர் 21:21-இலோ யூதர்கள் மோசேயை விட்டுப் 'பிரிந்துபோகும்படி' பவுல் போதிக்கிறார் என்று குற்றச்சாட்டு வருகிறது. கிரேக்கத்தில் அதே சொல். முதல் இடத்தில் நடப்பதைக் கண்டிப்பவர் பவுல்; இரண்டாவது இடத்தில் குற்றஞ்சாட்டப்படுபவரே அவர். மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்று செய்தார்களா என்பது இருக்கட்டும். யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துத் தமிழ் மாறுவதற்கு இதைவிடக் கைக்கெட்டிய சான்று கிடைக்காது. இந்தக் குடும்பத்திலேயே மூன்றாவது உறவினரும் உண்டு: மத்தேயு 5:31-இல் மனைவியை அனுப்பிவிடும்போது கொடுக்கிற பத்திரம். தமிழில் அது 'தள்ளுதற்சீட்டு'.

இடையில் ஓர் எச்சரிக்கை. சிலர் தப்பித்துக்கொள்ள 'அபொஸ்தசி' என்று ஒலிபெயர்த்துவிட்டு விடுகிறார்கள். சபைக்குப் போகிறவர் காதில் அது 'அப்போஸ்தலர்' என்றே விழும். இரண்டுக்கும் முன்பாதி ஒன்று, பின்பாதி வேறு: அப்போஸ்தலர் 'அனுப்பப்பட்டவர்'. விட்டுப் போனவரும் அனுப்பப்பட்டவரும் ஒன்றாகிப் போகிற இந்த ஒலிபெயர்ப்பை எந்த இடத்துக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

விசுவாச துரோகம்

'துரோகம்' வடமொழியில் தீங்கு செய்தல், பகைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் உள்ள நிற்றலோ விலகலோ அதில் இல்லை. ஆனாலும் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சும்மா போடவில்லை. கூட்டணியை முறித்த நகரத்தை ஏதென்ஸ்காரன் பார்த்த பார்வைக்கு, ராஜ துரோகம் என்ற வார்ப்பில் விசுவாச துரோகம் நன்றாகவே பொருந்தும். விட்டுச் செல்லப்பட்டவர்களின் வாயிலிருந்து வரும் சொல் அது. ஆகவே பிரசங்கம், வேதபாடம், கிறிஸ்தவ வரலாற்றில் சபையின் கூற்றை அப்படியே தரும் இடம், இவற்றில் அதை மாற்றத் தேவையில்லை.

மற்ற இடங்களில் மூன்று விதமாகக் கெடும். முதலாவது, கிறிஸ்தவர் அல்லாத வாசகருக்கு 'விசுவாசம்' என்றால் நாயின் விசுவாசம், முதலாளி விசுவாசம். 'விசுவாச துரோகி' என்றதும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்றே எடுத்துக்கொள்வார். இரண்டாவது, பழைய வாசனை வேண்டாமென்று விசுவாசத்தை 'நம்பிக்கை'யாகப் புதுக்கினால் 'நம்பிக்கைத் துரோகம்' என்று வந்து நிற்கும். அது சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு ஓடியவருக்கும் காதலில் ஏமாற்றியவருக்கும் உரிய சொல். மூன்றாவது இலங்கைக்கே உரியது. 1970கள் தொட்டு 'துரோகி' என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்கு இங்கே என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகர் மறந்துவிடவில்லை. சென்னையில் வசையாகக் கடந்து போகிற சொல், கொழும்பில் அச்சேறும்போது அப்படிக் கடந்து போகாது. உயிரோடிருப்பவர் எவரைப் பற்றியும், மேற்கோள் குறி இல்லாமல், இதை எழுதக் கூடாது.

மறுதலிப்பு

மறுதலிப்பு வாயால் நடப்பது. கேள்வி ஒன்று இருக்க வேண்டும், கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும், 'இல்லை' என்று பதில் வர வேண்டும். சேவல் கூவுமுன் பேதுரு மூன்றுதரம் செய்தது மறுதலிப்பு. அவரை யாரும் மதத்தைத் துறந்தவர் என்பதில்லை. நம் நீதிமன்ற ஆவணங்களிலும் எதிராளி ஒரு கூற்றை 'மறுதலிக்கிறார்' என்றால் மறுத்துரைக்கிறார் என்பதே பொருள்.

எனவே வற்புறுத்தலின் கீழ் நடந்தவற்றுக்கு இதுவே பொருத்தமான சொல். கி.பி. 250-இல் உரோமப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் இருந்து அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பணிந்த கிறிஸ்தவர்களைச் சபை ஒரே கூடையில் போடவில்லை. பலியிட்டவர் ஒரு வகை, சாம்பிராணி மட்டும் இட்டவர் ஒரு வகை, ஒன்றுமே செய்யாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் இன்னொரு வகை. பொதுப்பெயர் இலத்தீனில் 'லாப்சி', விழுந்தவர்கள். மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கான தவக் காலம் வகைக்கு வகை வேறுபட்டது. காசு கொடுத்துத் தாள் வாங்கியவரை 'மதத்துறப்பாளர்' என்று தமிழில் எழுதினால் அந்த நூற்றாண்டின் சண்டையே வாசகருக்குப் புரியாமல் போகும். அரை நூற்றாண்டு கழித்து, 303-இல் தொடங்கிய துன்புறுத்தலில் வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களுக்கு 'த்ராதித்தோரெஸ்', கையளித்தவர்கள், என்று பெயர். ஆங்கிலத்தில் துரோகியைக் குறிக்கும் சொல் அதன் வழி வந்தது. 'துரோகி' என்ற தமிழ் மெய்யாகவே பொருந்துகிற இடம் இது ஒன்று.

விழுதல் என்ற படிமம் உரோமாபுரிக்கு மட்டும் சொந்தமில்லை. 17-ஆம் நூற்றாண்டு யப்பானில் இயேசுவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த தகட்டை மிதிக்கச் சொல்லிக் கிறிஸ்தவர்களைச் சோதித்தார்கள். மிதித்தவரைக் குறித்த வினை 'கொறொபு', உருண்டு விழுதல். வடமொழியின் 'பதித' என்பதும் விழுந்தவரே. சீக்கியரிடம் 'பதித்' என்றால், தீட்சை பெற்ற பின் முடி வெட்டியவர் போல, நெறி தவறியவர். பழைய கத்தோலிக்கத் தமிழிலோ 'பதிதர்' என்பது சபைக்குள் தவறான கொள்கை பிடித்தவர். பழைய நூலொன்றில் 'பதிதர்' என்று கண்டால் மதத்தை விட்டவர் என்று அவசரப்பட்டு மாற்றிவிட வேண்டாம்.

மதத்துறப்பும் சமய விலகலும்

'துற' என்ற வினைக்குத் தமிழில் ஒரு கம்பீரம் உண்டு. உயிர் துறந்தார், பதவி துறந்தார், குடியுரிமை துறந்தார். தனக்கு உரியதைத் தானாகக் கைவிடுபவருக்குத்தான் அது பொருந்தும். திருக்குறளில் துறவு ஓர் அதிகாரம். ஆகவே மதத்துறப்பு விலகிச் செல்பவரின் பக்கம் லேசாகச் சாய்ந்த சொல். ஒருவர் தன் கதையைத் தானே சொல்லும்போது, அல்லது மனித உரிமை அறிக்கைகளில், இது சரியாக உட்காரும். வற்புறுத்தி வெளியேற்றப்பட்டவருக்கு, பிறந்த வீட்டுச் சமயத்தை ஒருநாளும் கைக்கொள்ளாதவருக்கு, இது கூடுதல்.

செய்திக்கு இதைவிட நல்லது வினையாகவே எழுதிவிடுவது: 'சமயத்தை விட்டு விலகினார்'. தமிழ் வினையில் ஓடுகிற மொழி. 'விலகி நிற்றல்' என்ற கிரேக்க மூலத்துக்கு இதைப்போல் நெருங்கிய வேறொன்று இல்லை. 1 தீமோத்தேயு 4:1-இல் இதே கிரேக்க வினைக்குத் தமிழ் வேதாகமமும் 'விலகிப்போவார்கள்' என்றே சொல்கிறது. குற்றப் பெயர் கட்டாயம் வேண்டுமென்ற இடத்தில் மட்டும் 'மதத்துறப்பு' என்ற பெயர்ச்சொல் போதும். மதமா சமயமா என்று கேட்டால், நம் பாடசாலைத் தமிழில் இந்து சமயம், சைவசமயம் என்றே பழக்கம். சட்டத் தமிழில் மதம். எழுதும் ஆவணத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

மதமாற்றம்: கூடியவரை தவிர்க்க

மாறு, மாற்று என்று இரண்டு வினைகள். 'மாறு' தானாக நடப்பது, 'மாற்று' பிறர் செய்வது. பெயர்ச்சொல்லாகும்போது இரண்டும் 'மாற்றம்' என்று ஒன்றாகிவிடுகின்றன. 'மதமாற்றம்' என்ற சொல்லில் செய்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. 2004-இல் வற்புறுத்திய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் இங்கே வந்தபோது சர்ச்சை முழுவதும் மாற்றுபவரைப் பற்றியதாக இருந்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் அந்தச் சொல் கேட்டாலே மாற்றுபவர்தான் நினைவுக்கு வருகிறார். மாறுபவரைச் சொல்ல வேண்டுமானால் 'மதம் மாறினார்' என்றே வினையாக எழுதுங்கள். அதுவும் எந்தச் சமயத்துக்கு என்று சொல்ல முடிந்தால் மட்டும். ஒன்றையும் ஏற்காமல் வெளியேறியவருக்கு 'மாறினார்' அடியோடு தவறு.

உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தமிழில் சமமான சொற்கள் இல்லை என்பதையும் பாருங்கள். வருகிறவர் 'தழுவினார்', 'ஏற்றார்', 'சேர்ந்தார்'. அதே நாளில் அதே ஆளைப் பற்றி மற்ற வீட்டில் 'மறுதலித்தார்', 'கெட்டுப்போனார்'. இந்தியாவிலிருந்து இப்போது வருகிற 'தாய்மதம் திரும்பினார்' என்பதும் அப்படித்தான். போன வழி தவறு என்ற தீர்ப்பு அந்தத் 'தாய்'க்குள் இருக்கிறது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. கிறிஸ்தவத் திருமணம் நிலுவையில் இருக்க, இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் திருமணம் செய்தது இருதாரமணக் குற்றமா என்ற கேள்வியில், 1965-இல், அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், இல்லை என்றது. 1990களின் பிற்பகுதியில் நமது உயர் நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை மாற்றியது. இந்தத் தீர்ப்புகளைப் பெயர்ப்பவர் 'தழுவினார்' என்பதோடு நிற்க வேண்டும். முதல் மதத்தைத் 'துறந்தார்' என்று விளக்கத்துக்காகச் சேர்த்தால், தீர்ப்பில் இல்லாத ஒரு முடிவைச் சேர்த்ததாகும்.

அரசியலமைப்புப் பற்றியும் ஒரு வரி. 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 18-ஆம் உறுப்புரையில் மதத்தை 'மாற்றிக்கொள்ளும்' சுதந்திரத்தைச் சொல்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 1966-இன் சர்வதேச உடன்படிக்கையில் அந்த வினை போய், ஒரு மதத்தைக் 'கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும்' என்று வந்தது. நமது 1978 அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை பின்னதன் வழியில் செல்கிறது. மூன்றையும் 'மதம் மாறும் உரிமை' என்று ஒரே தமிழில் கொடுப்பது பிழை. மதத்தை விட்டு விலகுவது இலங்கைச் சட்டத்தில் குற்றமே அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வைத்தால், வெளிநாட்டுச் செய்தியை உள்நாட்டுச் சட்டம் போல எழுதும் அபத்தம் வராது.

முர்தத்

அரபு வேர் றா-தால்-தால். திருப்புதல், திரும்பிப் போதல். செயல் 'இர்திதாத்' அல்லது 'ரித்தத்', ஆள் 'முர்தத்'. குர்ஆனின் 2:217-இலும் 5:54-இலும் வரும் வினை இது. தமிழில் 'மார்க்கத்தை விட்டுத் திரும்புதல்' என்றால் வேரும் பொருளும் ஒருசேரக் கிடைக்கும். முஸ்லிம் வாசகருக்கு எழுதும்போது மதம், சமயம் என்பதைவிட 'மார்க்கம்' இயல்பானது.

இங்கே துரோகம் என்ற சொல்லைப் போட்டால் வேறொரு விபரீதம். நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின் 632, 633-இல் நடந்த 'ரித்தா' போர்களில் ஸகாத் என்ற கட்டாயத் தானத்தைக் கொடுக்க மறுத்த கோத்திரங்களும் இருந்தன. அங்கே தண்டிக்கப்பட்டது நம்பிக்கை மாற்றமா, அரசுக்கு எதிரான கிளர்ச்சியா என்பது இன்றைய அறிஞர்களிடையே பெரிய வாதம். மத்ஹபுகள் என்கிற பழைய சட்ட மரபுகளின் நூல்கள் மரணதண்டனை என்கின்றன. நவீன அறிஞர் பலர், தண்டனை கிளர்ச்சிக்கே உரியது, நம்பிக்கையை விட்டதற்கு மட்டும் அல்ல என்கிறார்கள். 'மதத் துரோகம்' என்று பெயர்த்தால் அந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டு, வாதமே தமிழில் சொல்ல முடியாததாகிவிடும். ஆகவே இந்த வாதத்தை எழுதும்போது 'ரித்தத்' என்று அரபுச் சொல்லையே வைத்து, முதல் முறை மட்டும் விளக்குங்கள். உயிரோடிருக்கும் ஒருவரை 'முர்தத்' என்று சொந்த வாக்கியத்தில் எழுதுவது பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுப்பதற்குச் சமம். சொன்னவர் இன்னார் என்று பெயரோடு போட முடியாவிட்டால் அந்த வாக்கியமே வேண்டாம்.

சபைக்குள் நடப்பவை

கொழும்பில் அன்றாடம் கேட்கிற குழப்பம் இதுதான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கினால் வீட்டில் 'அவள் மதம் மாறிட்டாள்' என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 751-ஆம் விதி மூன்றைப் பிரிக்கிறது: கிறிஸ்தவ விசுவாசத்தை முழுவதுமாகக் கைவிடுதல், ஏற்க வேண்டிய உண்மையொன்றைப் பிடிவாதமாக மறுத்தல், பாப்பரசருக்குக் கீழ்ப்பட மறுத்துப் பிரிதல். முதலாவது மட்டுமே நமது சொல். அந்தப் பெண் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. அவளுக்கு 'சபை மாறினாள்' என்பதே சரி. 'பின்மாற்றம்' இதற்கும் கீழே உள்ளது. ஜெபமும் ஆராதனையும் தளர்ந்துபோனவரைப் பற்றிச் சபையார் சொல்வது. திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும் சைவப் பெண்களுக்கோ இந்தப் பட்டியலில் எந்தச் சொல்லும் தேவையில்லை.

சைவ மரபில் நிலைமை இன்னும் வேறு. மருள்நீக்கியார் சமணம் சார்ந்து தருமசேனராகி, சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பி வந்தவர். அவரே நாவுக்கரசர். விட்டுப் போனது அவருக்கு ஒட்டிய பட்டப்பெயராகவில்லை. உரோமப் பேரரசன் ஜூலியனுக்கோ (361-363) எதிரிகள் வைத்த பட்டம் இன்றுவரை பெயரோடேயே வருகிறது. அவனைத் தமிழில் எழுதும்போது 'கிறிஸ்தவர்கள் விசுவாச துரோகி என்றழைத்த ஜூலியன்' என்று, அழைத்தவரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நம் வரலாற்றில் தொம் யுவாங் என்ற போர்த்துக்கேயப் பெயர் பெற்றவர்கள் இருவர் இருக்கிறார்கள். கோட்டை இராச்சியத்து அரசன் தர்மபாலன் 1557-இல் ஞானஸ்நானம் பெற்று தொம் யுவாங் பெரிய பண்டார ஆனான். 1565-இல் கோட்டையைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போய், 1597-இல் அங்கேயே இறந்தான். கொனப்பு பண்டார போர்த்துக்கேயரிடம் தொம் யுவாங் த ஆஸ்திரியாவாக இருந்து, கண்டியைப் பிடித்ததும் பௌத்தத்துக்கு வந்து முதலாம் விமலதர்மசூரியன் ஆனான். போர்த்துக்கேயருக்கு இரண்டாமவன் விசுவாச துரோகி, முதலாமவன் விசுவாசி. கண்டிக்கு அப்படியே தலைகீழ். ஒரு பாட நூலில் ஒருவனுக்கு 'தழுவினான்' என்றும் மற்றவனுக்கு 'மறுதலித்தான்' என்றும் எழுதினால் எழுதியவர் எந்தக் கோட்டையில் நிற்கிறார் என்பது வெளியே தெரிந்துவிடும். முதலாமவனுக்கு 'ஞானஸ்நானம் பெற்றான்', இரண்டாமவனுக்கு 'பௌத்தத்துக்குத் திரும்பினான்' என்று நடந்ததை மட்டும் எழுதலாம்.

கையில் ஆவணம் இருக்கும்போது

முதலில் மூலத்தில் அந்தச் சொல்லைச் சொல்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்: குற்றஞ்சாட்டுபவரா, விலகியவரா, மூன்றாமவரா. பிறகு எங்கே போனார் என்று பாருங்கள்: வேறு சமயத்துக்கா, ஒன்றுக்கும் இல்லையா, பழையதற்கா, பக்கத்துச் சபைக்கா. மூன்றாவதாக, உண்மையில் விலகினாரா, விலகியதாகச் சொல்லப்படுகிறதா. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் சொல்லைத் தேடினால் அகராதிதான் தீர்மானிக்கும். எழுதி முடித்ததும் அதே வாக்கியத்தை விலகியவரின் தாய் வாசிப்பதாகவும், அவர் விட்டுவந்த சபையின் மூப்பர் வாசிப்பதாகவும் வைத்துப் படித்துப் பாருங்கள். இருவரில் ஒருவர் மட்டும் தலையாட்டுவாரானால் சொல் சாய்ந்திருக்கிறது.

ஒற்றும் ஒரு சின்னத் தொல்லை. வேதாகமத்தில் 'விசுவாச துரோகம்' என்று ஒற்றில்லாமல் பிரித்தே அச்சாகியிருக்கிறது; வடமொழித் தொடர் என்ற கணக்கில். ஒப்புநோக்குபவர் 'விசுவாசத் துரோகம்' என்று திருத்தினால், மேற்கோளில் அதை விடாதீர்கள். 'மதத்துறப்பு' மட்டும் ஒற்றோடு, ஒரே சொல்லாக. 'மத துறப்பு' என்று பிரித்து, ஒற்றையும் விழுங்கி அச்சில் வருவதைப் பார்க்கிறோம், அது பிழை. ஆளைக் குறிக்க 'துறப்பாளர்' என்று கட்டத் தேவையில்லை, 'மதத்தைத் துறந்தவர்' போதும்.